குழந்தைகூட ஓட்டலாம்

அன்பு மகள் பாப்புவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகமாக இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டுதான் தொடங்குகிறேன். இல்லையென்றால் பேனா ஓடாது. குழந்தைக்குச் சளி விட்டதா? நீ அனுப்பிய படத்தில் உன் மூக்கு, மாப்பிள்ளையின் காது. காது கொஞ்சம் பெரிதுதான். போகப் போக முகம் வளர்ந்து சரியாகிவிடும், மாப்பிள்ளையிடம் சொல்லிவிடாதே.

போனில் பேசாமல் ஏன் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனைக் கையில் எடுத்தாலே அப்பா ஸ்பீக்கரில் போடச் சொல்கிறார். அவர் இருமினால் போதும், நீ வைத்துவிடுகிறாய். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை.

விஷயத்துக்கு வருகிறேன். அப்பாவைப் பேட்டி காண ஒரு தம்பி வந்திருந்தார். பெரிய படிப்பு, குடும்பச் சொத்து எதுவும் இல்லாமல், யாருக்கும் தோன்றாத ஒன்றைச் செய்து தொழிலாக்கி நிமிர்ந்தவர்களைத் தேடிப் போய்ப் பேசுகிறாராம். பேசியதையெல்லாம் கேள்வி பதிலாகவே புத்தகம் போடுகிறாராம். சலூனில் வெட்டி விழும் முடியிலிருந்து உரம் செய்கிற ஒரு பெண்மணி, பழைய டயரில் செருப்பு செய்கிற முன்னாள் போலீஸ்காரர், அப்புறம் நம் அப்பா. தையல் மெஷின் ரிப்பேர் செய்துகொண்டிருந்தவர் எப்படிக் கழிவு அட்டையைக் கூழாக்கிப் பழம் அடுக்கும் தட்டு செய்ய ஆரம்பித்தார், கை உள்ளே போனால் தானாக நிற்கும் பிரஸ்ஸை எப்படிக் கண்டுபிடித்தார் என்று அத்தனையும் கேட்டார்.

அப்பாவைப் பார்க்கணுமே. மாப்பிள்ளை அழைப்புக்குப் போகிறவர் மாதிரி சட்டை மாற்றிக்கொண்டார். பட்டறையில் கூழ்த்தொட்டி நாற்றம் தெரியக்கூடாது என்று என்னிடமிருந்த ஊதுவத்தியை எல்லாம் கொளுத்தி வைத்தார். இரண்டும் கலந்து இன்னும் மோசமாக நாறியது. மூலையில் தார்ப்பாய் போட்டு மூடிக் கிடந்த அந்தப் பழைய பிரஸ்ஸைத் துடைத்து, எண்ணெய் போட்டு, வாசலுக்கு நேராகக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார். நான் சமையலறைக்கும் பட்டறைக்கும் பின்பக்கமாகச் சுற்றிக்கொண்டு நடக்கிறேன்.

நிற்கும் பிரஸ் என்ற யோசனை எப்படி வந்தது என்று அந்தத் தம்பி கேட்டதும் அப்பா பழைய பாட்டையே பாடினார். பெண் சின்ன வயதில் விளையாட்டுத்தனமாகக் கையை உள்ளே வைத்துவிட்டாள், அன்றைக்கு உதித்தது என்றார். நீ இதைக் கேட்டே வளர்ந்தவள். உன் டீச்சரிடமும் அதையே சொன்னார், சம்பந்தி வீட்டிலும் அதையே சொன்னார். ஒரு கட்டத்தில் யார் கேட்டாலும் நீயே, "நான்தான் கைய வெச்சிட்டேன்" என்று சொல்லப் பழகிக்கொண்டாய். அதைச் சொல்லும்போது சிரிக்கவும் செய்வாய்.

தண்ணீர் கேட்டு அந்தத் தம்பி சமையலறைப் பக்கம் வந்தார். "நீங்க ஒண்ணுமே சொல்லலியேம்மா" என்றார். இத்தனை வருஷத்தில் என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை, பாப்பு. சொல்லிவிட்டேன்.

உனக்கு எவ்வளவு ஞாபகம் இருக்கிறதோ தெரியாது, அதனால் உனக்கும் எழுதுகிறேன். அப்பாவே செய்த அந்தப் பழைய பிரஸ்ஸுக்கு இரண்டு பொத்தான். ஒன்று இந்தக் கோடியில், ஒன்று அந்தக் கோடியில். இரண்டு கையாலும் சேர்த்து அழுத்தினால்தான் அச்சு இறங்கும். கை உள்ளே மாட்டக்கூடாது என்பதற்காகவே அப்படி. மெஷின் வாங்க ஆட்கள் வந்திருந்தார்கள். இதை ஒரு குழந்தைகூட ஓட்டலாம் என்று அப்பா சொன்னார். எங்கே, ஓட்டச் சொல்லுங்கள் என்றார்கள். வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த உன்னைக் கூப்பிட்டார். உன் கை இரண்டு பொத்தானுக்கும் எட்டவில்லை. ஒரு பொத்தானைக் கம்பியால் இழுத்துக் கட்டினார். இப்போது ஒரு கை போதும். இன்னொரு கையால் தட்டை எடு என்றார், நீ எடுத்தாய். வேகமாக என்றார். நீ வேகமாக எடுத்தாய்.

நீ கையை வைக்கவில்லை. அவர் வைக்கச் சொன்னார்.

கேட்டுக்கொண்டிருந்த தம்பிக்குக் கண் கலங்கிவிட்டது. இதை எழுதாமல் விடமாட்டேன் என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். அச்சில் வரப்போகிறது. உன்மேல் தப்பில்லை என்று நாலு பேர் படிக்கப்போகிறார்கள். புத்தகம் வெளிவரும்போது நீ பக்கத்தில் இருக்கவேண்டும் என்று எனக்கு ஆசை. குழந்தையையும் நான் இன்னும் மடியில் போட்டுப் பார்க்கவில்லை. கோபத்தை இந்த ஒரு தடவை அங்கேயே வைத்துவிட்டு வா.

உன் வழியைப் பார்த்திருக்கும்,
அம்மா

* * *

அன்பு பாப்பு,

உன் பதில் வந்தது. வருகிறேன் என்று நீ எழுதியிருந்த வரியை அடுப்படியில் நின்றபடியே படித்து, பாலைப் பொங்கவிட்டேன். பயணத்துக்கு மாப்பிள்ளை லீவு கேட்டிருப்பதாக எழுதியிருந்தாய். அதற்குள் இந்தக் கடிதம் வந்து சேரவேண்டுமே என்றுதான் இப்போது என் கவலை. அதனால் நானே போய்த் தபாலில் சேர்க்கிறேன்.

முதலில் அப்பா எழுதச் சொன்னதை எழுதிவிடுகிறேன். விழாவுக்கு நீ கட்டாயம் வரவேண்டுமாம். டிக்கெட்டை விழாக்காரர்களே எடுத்துத் தருவார்களாம். மேடையில் உனக்கு நாற்காலி உண்டாம். அவர் சொன்னது அவ்வளவுதான். இனி எழுதுவது நான்.

அந்தத் தம்பி சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டார். நான் சொன்னதில் ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை. சமையலறையில் நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டு நேராகப் பட்டறைக்குப் போய் அப்பாவிடம், பொத்தானைக் கட்டியது நீங்கள்தானா என்று கேட்டார். நான் வாசற்படியிலேயே நின்றேன். அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. பாப்பு, அந்த முகத்தைப் பார்க்கத்தான் நான் இத்தனை காலம் காத்திருந்தேன். இதோ அழப்போகிறார், உனக்குப் போன் போடப்போகிறார் என்று நினைத்தேன்.

அப்போது அந்தத் தம்பி மெதுவாக, மிக மரியாதையாகச் சொன்னார்: "இதுல ஒளிக்க என்ன சார் இருக்கு? சொந்தப் பொண்ணையே நிறுத்தியிருக்கீங்க. செஞ்ச பொருள் மேல இவ்வளவு நம்பிக்கை யாருக்கு சார் இருக்கும்?"

அப்பா முகத்தில் ரத்தம் திரும்பி வந்ததை நான் பார்த்துக்கொண்டே நின்றேன். தண்ணீர் குடித்தார். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு பேச ஆரம்பித்தார்.

இதையெல்லாம் முதல் கடிதத்தில் நான் எழுதவில்லை. அப்போது நம்பிக்கை இருந்தது; ஆண்பிள்ளை, வெளி ஆளிடம் வீறாப்பாகப் பேசுகிறார், அச்சில் பார்த்தால் வெட்கப்படுவார் என்று நினைத்தேன்.

புத்தகம் வந்துவிட்டது. நம் அப்பாவின் பகுதிக்கு 'மூன்று விரலில் ஒரு சரித்திரம்' என்று தலைப்பு. வெளியீடு அந்தத் தம்பியின் ஊரிலேயே முடிந்துவிட்டது. இப்போது அப்பா ஏற்பாடு செய்வது வேறு விழா, அதைப் பிறகு சொல்கிறேன். ஒரு பக்கத்தை அப்படியே உனக்கு எழுதுகிறேன். வேறு யாராவது காட்டி நீ படிப்பதைவிட என் கையெழுத்தில் படிப்பது மேல்.

'கேள்வி: மகளையே இயந்திரத்தின் முன் நிறுத்தும் துணிச்சல் எப்படி வந்தது?

பதில்: நம்பிக்கை இல்லாதவன் கூலிக்கு ஆள் வைத்து ஓட்டிக் காட்டுவான். நான் பெற்ற பெண்ணை நிறுத்தினேன்.

கேள்வி: அந்த நொடியில் உங்கள் மனதில் என்ன ஓடியது?

பதில்: இந்த மெஷின் நின்றிருக்கவேண்டும் என்று ஓடியது. என் வாழ்க்கையின் திருப்பம் அந்த நொடிதான்.'

அது பொய், பாப்பு. அவரைப் பற்றி அவரே சொல்லிக்கொள்கிற பொய். அந்த நொடியில் அவர் உன் பெயரைச் சொல்லிக் கத்தினார். மெயின் ஸ்விட்சை அணைக்கத் தோன்றாமல், கொதிக்கிற அச்சைக் கையால் பிடித்துத் தூக்கப் பார்த்தார். உன்னைத் தூக்கிக்கொண்டு செருப்பில்லாமல் தெருவில் ஓடினார். ஆஸ்பத்திரி வராந்தாவில் தலையைச் சுவரில் மோதிக்கொண்டார். இதெல்லாம் நடந்தது, நான் கண்ணால் பார்த்தேன். அந்த மனுஷனை இந்த மனுஷனே மறந்துவிட்டார். முன்பு பொய் சொன்னபோதாவது உள்ளே கொஞ்சம் கூச்சம் இருந்தது. அதனால்தானே பழியை உன்மேல் போட்டார். அந்தக் கூச்சத்தைத் துடைத்துப் போட்டது அந்த உண்மைதான். அதைக் கொண்டுபோய்க் கொடுத்தவள் நான்.

தம்பிக்குப் போன் போட்டேன். கோபமே படாமல், "நீங்க சொன்னதைத்தானேம்மா எழுதினேன்" என்றார். உங்களைப் பற்றியும் நல்லபடியாக ஒரு வரி எழுதியிருக்கிறேனே என்றார். போய்ப் பார்த்தேன். 'பக்கபலமாக நின்ற மனைவி' என்று இருந்தது.

இப்போது வீட்டில் எந்நேரமும் கூட்டம். தொழில் தொடங்கப்போகிறோம் என்று சொல்லிக்கொண்டு இளவட்டங்கள் காரில் வந்து இறங்குகிறார்கள். அப்பா பழைய பிரஸ்ஸைக் காட்டி, அறுந்த கம்பியின் முனையைக்கூடத் தொட்டுக் காட்டுகிறார். எல்லோரும் அதைப் படம் எடுக்கிறார்கள். போன வாரம் ஒருவர் தன் சின்னப் பெண்ணோடு வந்தார். புதிய பிரஸ் ஓடிக்கொண்டிருக்கிறது. நம் அப்பா அந்தக் குழந்தையைத் தூக்கி நிறுத்தி, கையை உள்ளே நீட்டு, நின்றுவிடும் பார் என்கிறார், சிரித்துக்கொண்டே. அந்தப் பெண் தன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு உதட்டைப் பிதுக்குகிறது. நான் ஓடிப்போய் மெயினை அணைத்துவிட்டேன். பட்டறையே இருட்டிப்போயிற்று.

அப்பா கோபிக்கவில்லை. எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "பயந்த சுபாவம். அதான் அவ அடுப்படியிலயே இருக்கா, நான் இங்க நிக்கிறேன்" என்றார். சிரித்தார்கள். அந்தக் குழந்தையின் அப்பா எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தார்.

இனி விழாவைப் பற்றி. அதில் புத்தகம் ஒரு சாக்கு. புதிய பிரஸ்ஸைப் பெரிய அளவில் செய்து விற்க ஒரு கம்பெனி முன்வந்திருக்கிறது. அதை மேடையில் ஓட்டிக் காட்டவேண்டும். நீ எழுந்து வந்து, அந்தக் கையை, மிச்சமிருக்கிற கட்டைவிரலும் சுண்டுவிரலுமாக, ஓடுகிற அச்சுக்குள் நீட்டவேண்டும். மெஷின் நிற்கும். ஜனங்கள் எழுந்து நின்று கைதட்டுவார்கள். இது அப்பாவின் யோசனை. கம்பெனிக்காரர்களே கொஞ்சம் தயங்கினார்களாம். இவர்தான் சம்மதிக்க வைத்தாராம். அதைச் சாப்பிடும்போது பெருமையாகச் சொன்னார்.

போன மாதம் இரண்டு தடவை அந்த மெஷின் நிற்காமல் இறங்கியது எனக்குத் தெரியும். உள்ளே அட்டையை நீட்டிச் சோதித்தபோது அட்டை நசுங்கிவிட்டது. கை வருவதைப் பார்த்து மெஷினை நிறுத்துகிற கண்ணாடிக் கண்ணில் கூழ் தெறித்துவிட்டது, துடைத்தால் சரி என்றார். அதை நினைவுபடுத்தி, அன்றைக்கும் நிற்காமல் போனால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன்.

அப்பா என்னை நிமிர்ந்து பார்க்கக்கூட இல்லை. மோரை ஊற்றிக்கொண்டே சொன்னார்: "அதுக்குத்தானே அந்தக் கையச் சொல்றேன்."

பாப்பு, அவர் அதைக் கெட்ட மனதோடு சொல்லவில்லை. இன்னொரு நல்ல கையை நீ பத்திரமாக வைத்துக்கொள்ளவேண்டும் என்கிற அக்கறையில் சொன்னதாகவே அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். சாப்பிட்டு முடித்துக் கையைத் துடைத்தபடி, "அவ எங்க, வருவால்ல?" என்று கேட்டார். எழுதியிருக்கிறேன் என்றேன்.

நீ வராதே.

வா என்று உன்னைக் கெஞ்சிய அதே கைதான் இதை எழுதுகிறது. அந்தத் தம்பி உனக்குப் போன் செய்வார். நம்பர் என்னிடம் வாங்கவில்லை, அப்பாதான் கொடுத்தார். பேச்சு தேன் மாதிரி இருக்கும். உன் தரப்பையும் கேட்கவேண்டும் என்பார், கண் கலங்குவார். பொய்க் கண்ணீர் இல்லை, நிஜமாகவே கலங்குவார். அதற்குத்தான் பயப்படு. எதையும் சொல்லாதே. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, கடைசியாக ஒரு தடவை பார்த்துவிட்டுப் போ என்று இங்கிருந்து செய்தி வந்தாலும் வராதே. நிஜமாகவே சரியில்லாமல் போனாலும்தான். எனக்குக் குழந்தையின் படம் போதும். தலையணை அடியில் வைத்திருக்கிறேன், மூலை கொஞ்சம் மடங்கிவிட்டது, வேறொன்று அனுப்பு.

போன் நம்பரை மாற்ற முடியுமானால் மாற்றிவிடு. புது நம்பரை எனக்கும் தராதே. கேட்டால் எனக்குப் பொய் சொல்ல வராது.

மாப்பிள்ளையிடம் லீவை ரத்து செய்யச் சொல். காரணம் கேட்டால் அம்மாவின் குணம் அப்படி, நாளுக்கொரு பேச்சு பேசுவாள் என்று சொல்லிவிடு. நீங்கள் மூவரும் ஒரு குறையும் இல்லாமல் நீண்ட காலம் வாழவேண்டும். குழந்தை தவழ ஆரம்பித்துவிட்டதாக எழுதியிருந்தாய். கதவிடுக்குப் பக்கம் போகவிடாதே. நகம் வெட்டும்போது வெளிச்சத்தில் வைத்து, ஒவ்வொரு விரலாகப் பிடித்து, மெதுவாக வெட்டு.

அம்மா