பெற்றோர் கருத்து: ஏதுமில்லை

புதன்கிழமை, பந்தலூர்.

குழந்தைப் பாதுகாப்புக் குழுவின் பெற்றோர் கூட்டத்தைக் காலை பதினொரு மணிக்கு வைத்தது நான்தான். கொழுந்து பறிக்கிற நேரத்தில் எந்தத் தாய் வருவாள்? ஒருத்தியும் வரவில்லை. 'பெற்றோர் கருத்து: ஏதுமில்லை' என்று பதிவேட்டில் எழுதி, தேயிலைத் தோட்டத்துக்கே போய்த் தாய்மாரிடம் கையெழுத்து வாங்கினேன்.

கடைசியாகப் போட்ட செல்வி, "ஏனுங்க, கூட்டத்துல என்ன பேசுனீங்க?" என்றாள்.

"புள்ளைங்க பத்திரமா இருக்கறதப் பத்திங்க."

"தேயிலை வெல விழுந்ததும் எஸ்டேட் பால்வாடிய மூடிட்டாங்க. என்ற பாப்பாவ ஊட்டுல வெச்சுப் பூட்டிட்டுத்தானுங்க வர்றேன். அதயும் எழுதிக்குங்க."

இடுப்பில் முடிந்திருந்த சாவியைக் காட்டினாள். எழுதுகிறேன் என்றேன். அலுவலகத்துக்குப் போகிற ஜீப் காத்திருந்தது. பதிவேட்டை அப்படியே கொடுத்தனுப்பிவிட்டேன்.

என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும். நாளைக் காலையும் பூட்டுவாள், நான் எழுதிவிட்டேன் என்று நம்பிக்கொண்டு.