பத்தாவது பாடலில் கேட்ட உறுமல்

தம்பி,

நம் வீட்டுக் கூடத்தில் பதிவு செய்த ஒன்பது பாடலிலும் கேட்காத உறுமல் பத்தாவதில் மட்டும் எங்கிருந்து வந்தது என்று நேற்றெல்லாம் மண்டையை உடைத்துக்கொண்டோம். நீ பேஸ் கிட்டார்க்காரன் மேல் பாய்ந்தாய். "கிட்டாருக்குப் புது ஒயரே வாங்கிட்டேன், இன்னும் என்னடா பண்ணச் சொல்றே?" என்று அவன் கேட்டதற்கு, "நம்ம முதல் ஆல்பத்தையே நாசமாக்கிட்டே, கிளம்பு!" என்றாய். குறுக்கே வந்த என்னையும் "மெட்டல்கோர் மியூசிக் பத்தி உனக்கு என்னக்கா தெரியும்?" என்று மடக்கினாய்.

மெட்டல்கோர் தெரியாது, ஃபிரிட்ஜ் தெரியும். காலையில் கூடத்தில் தனியாக உட்கார்ந்து, மைக்கை ஆன் செய்து, உன் ஹெட்ஃபோனில் கேட்டேன். பன்னிரண்டு நிமிடம் அமைதி. பிறகு அதே உறுமல், நம் ஃபிரிட்ஜிலிருந்து. ஃபிரிட்ஜுக்குள் சூடு ஏறினால் கம்ப்ரசர் ஓடும், குளிர்ந்தால் நிற்கும். மற்ற பாட்டுகளில் உங்கள் கூச்சல் அதை அமுக்கிவிட்டது. பத்தாவதில்தான் நீ தணிந்த குரலில் தொடங்குகிறாய். நாள் முழுக்க ஃபிரிட்ஜ் ரிப்பேர் பார்க்கிற என் காதுக்கு அது சத்தமாகவே படவில்லை. அது என் தப்பு.

அவன் இல்லாமல் பத்தாவதை மறுபடி பதிவு செய்து இன்று மாலைக்குள் ஆல்பத்தை அனுப்ப முடியாது. போனை எடுக்கமாட்டான். வீட்டுக்கே போய் மன்னிப்புக் கேள். சாப்பாடு மேஜையில் இருக்கிறது, இருவருக்கும் போதும்.

அக்கா

பி.கு.: விளக்கம் சொன்ன வேகத்தில் செய்யவேண்டியதை விட்டுவிட்டேன். பதிவு தொடங்குமுன் ஃபிரிட்ஜ் பிளக்கைப் பிடுங்கிவிடு. கதவைத் திறக்காமல் இருந்தால் நான்கு மணி நேரம் உள்ளே எதுவும் கெடாது.