ஹாரன் அடித்தால் வர ஆளில்லை

ஏங்க, சாப்பாட்டை மேசைமேல் மூடி வைத்திருக்கிறேன். நீங்கள் குனிந்து எடுக்கிற மாதிரி எதையும் கீழே வைக்கவில்லை.

உங்கள் தலையில் அந்தப் பழைய ஸ்போர்ட்ஸ் காரைக் கட்டிய மனுஷர் காலையில் வந்தார். நீங்கள் தூங்கிக்கொண்டிருந்தீர்கள். கையில் ஒரு இடுப்பு பெல்ட். "வண்டியோட சேர்த்துக் குடுக்க மறந்துட்டேம்மா. இது இல்லாம சார் எப்படி இறங்குறாரு?" என்றார். விற்றதிலிருந்து அவருக்கு முதுகுவலியே இல்லையாம். முகத்தில் அப்படி ஒரு களை!

எப்படி இறங்குகிறீர்கள் என்று நான் சொல்லவில்லை. ஞாயிறுதோறும் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஊர் சுற்றிவிட்டு, வாசலில் வந்து ஹாரன் அடிப்பீர்கள். பந்தா காட்டுகிறீர்கள் என்று எதிர்வீட்டில் நினைக்கிறார்கள். தரையோடு தரையாக இருக்கிற அந்த சீட்டிலிருந்து, பிரசவம் பார்க்கிற மாதிரி உங்களை வெளியே இழுப்பது நான்தானே! ஏறும்போது இருபது வயது. இறங்கும்போதுதான் அறுபது.

இதைச் சொன்னதற்கு நேற்று, "உனக்கு ரசனையே கிடையாது" என்று ஒரு பேச்சு. இருக்கட்டும். உங்கள் ரசனை கதவுக்குப் பின்னால் தொங்குகிறது. இடுப்பில் கட்டிக்கொள்ளுங்கள்.

நான் அக்கா வீட்டுக்குப் போகிறேன். நாளை வருவேன்.

வலித் தைலம் கண்ணாடி அலமாரியில். கை எட்டாத இடத்தை விட்டுவிடுங்கள், நான் வந்து தேய்க்கிறேன்.

இன்னொன்று. கார் சாவியைத் தேட வேண்டாம், காரில்தான் போகிறேன். எனக்கு இறங்க ஆள் வேண்டாம்.