சத்தமா வாசிங்க டீச்சர்

அக்கா,

போன ஞாயிற்றுக்கிழமை பீரோவிலிருந்து அந்த அடக்கச் சடங்குப் புத்தகத்தை எடுத்தேன். உங்கள் வீட்டுக்காரர் தன் பிரஸ்ஸிலிருந்து காலண்டர் வேஸ்ட் தாள் கொண்டுவந்து அட்டை போட்டுக் கொடுத்தாரே, அதேதான். நிறம் விலகி அச்சாகி, முருகன் கையில் இரண்டு வேல் விழுந்த தாள். படத்தை உள்ளே மடித்து, வெள்ளைப் பக்கத்தை வெளியே விட்டிருந்தார். இத்தனை வருடம் கழித்தும் மை வாசனை போகவில்லை. மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனதும் உங்கள் ஞாபகம் வந்தது. கூடவே சிரிப்பும் வந்தது.

நம் பங்குக் கோயிலில் புதிதாக எட்டுப் பேர் கோயில் பணிப் பயிற்சிக்கு வந்திருக்கிறார்கள். ஆறு பேர் பட்டாசு வேலைக்குப் போகிறவர்கள், ஒரு நர்ஸ், ஒரு மளிகைக் கடைக்காரர். கோயிலில் வாசகம் வாசிப்பது, தெருவாரியாக அன்பிய ஜெபக் கூட்டம் நடத்துவது, நோயாளிகளைப் போய்ப் பார்ப்பது எல்லாம் முடிந்து, அன்றைக்கு நான் நடத்த வேண்டியது அடக்கச் சடங்குப் பாடம். சாமியார் வர முடியாத நாளில் ஒரு சாவு விழுந்தால் நாமே நின்று நடத்த வேண்டுமே, அதற்கான ஒத்திகை. நான் வகுப்பறைப் பெஞ்சைக் காட்டி, "செத்தவுகளா யாரு படுக்கீக?" என்று கேட்டேன். எட்டுப் பேரும் ஒரே சமயத்தில் சுவரைப் பார்த்தார்கள். மளிகைக் கடைக்காரருக்கு அப்போதுதான் போன் வந்தது, பாருங்கள்.

நம் காலத்திலும் இதே கதைதானே. பட்டாசு ஊரில் காலையில் வேலைக்குக் கிளம்பும்போது சாவு என்ற பேச்சையே எடுக்க மாட்டார்கள். அப்படிப்பட்ட ஊரில், உயிரோடு இருக்கிறவர்கள் பிணமாகப் படுக்க வேண்டும் என்றால் யார் வருவார்கள்? பங்குச் சாமியார் பாவம், "அஞ்சு நிமிசந்தான், சும்மா ஒரு ஒத்திகை" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். நீங்கள்தான் எழுந்தீர்கள். சேலை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, பெஞ்சில் நீட்டி நிமிர்ந்து படுத்துவிட்டீர்கள்.

"தெனமும் வெடிமருந்துக்கு நடுவுல உக்காந்து சரவெடி பின்னிட்டு வாரேன் சாமி. இந்தப் பெஞ்சா என்னையக் கொல்லப் போகுது?"

மன்றாட்டில் பெயர் சொல்ல வேண்டிய இடத்தில் யார் பெயரைச் சொல்வது என்று சாமியார் தயங்கியபோது, "எம் பேரையே போடுங்க" என்றீர்கள். வாசிக்கும் முறை முதலில் எனக்கு வந்தது.

என் குரலைப் பற்றி உங்களுக்குத் தெரியும். நான் வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்தால் பள்ளிக்கூடத்து மரத்தில் காக்கா உட்காராது. அப்படிப்பட்டவளுக்கு அந்தப் புத்தகத்தைக் கையில் எடுத்ததும் குரல் காணாமல் போனது. வாய் அசைகிறது, சத்தம் வரவில்லை. இரண்டு வரி போயிருக்கும். நீங்கள் ஒரு கண்ணை மட்டும் திறந்தீர்கள்.

"சத்தமா வாசிங்க டீச்சர். செத்தவளுக்கே கேக்கல."

வகுப்பே சிரித்தது. நீங்களும் வயிறு குலுங்கச் சிரித்தீர்கள். "பொணம் சிரிக்கக் கூடாதும்மா" என்று சாமியார் சொன்னார். பிறகு அவராலும் அடக்க முடியவில்லை.

எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. இருபத்தைந்து வருடம் சாக்பீஸ் பிடித்தவளை ஒருத்தி பெஞ்சில் படுத்துக்கொண்டு திருத்துவதா என்று கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வெளியே வந்ததும் உங்களிடம் சண்டைக்கு நின்றேன். உங்கள் வீட்டுக்காரர் வழக்கம்போல சன்னலுக்கு வெளியே டிவிஎஸ் வண்டியோடு நின்றிருந்தார். அவர் காதிலும் விழுந்திருக்கும். எப்படியோ பேச்சு வளர்ந்து, யாரிடமும் சொல்லாததை உங்களிடம் சொன்னேன். என் வீட்டுக்காரரின் அடக்கத்தில் இதே மன்றாட்டைத்தான் வாசித்தார்கள், ஒரு சொல்கூட என் காதில் விழவில்லை, அவரை என்ன சொல்லி வழியனுப்பினார்கள் என்று இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது என்றேன். அழுகையும் வந்துவிட்டது.

நீங்கள் சமாதானம் எதுவும் சொல்லவில்லை. "அதுக்குத்தான டீச்சர் சொல்றேன்" என்றீர்கள். "அழுதுக்கிட்டு நிக்கிறவுகளுக்குக் காது அடச்சுப் போயிருக்கும். அவுகளுக்குக் கேக்கணும்னா நீங்க எம்புட்டுச் சத்தமா வாசிக்கணும்!"

சாமியார் ஒரு வருடம் பாடம் நடத்தினார், நன்றாகவே நடத்தினார். ஆனால் அந்தப் புத்தகத்தை எதற்காக வாசிக்கிறோம் என்று எனக்குப் புரிந்தது அன்றைக்கு அந்த வண்டிக்குப் பக்கத்தில் நின்றபோதுதான்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் பாடம் முடிந்ததும் "வாங்க டீச்சர், செத்து வைக்கேன்" என்று நீங்களாகவே கூப்பிடுவீர்கள். நான் வேகமாகப் போனால் ஒரு இருமல். குரல் இறங்கினால் இரண்டு இருமல். இதில் உங்களுக்கு என்ன லாபம் என்று ஒருநாள் கேட்டேன்.

"கம்பெனியில என்னையப் பேரு சொல்லிக் கூப்பிட யாரு இருக்கா? ஏ இவளே, ஏ அங்கன இருக்கவளேன்னுதான் கூப்பிடுவாக. இந்தப் பெஞ்சுல படுத்தா, அன்புச் சகோதரின்னு போட்டு, எம் பேரையும் சொல்லி, ஆண்டவருகிட்ட சிபாரிசு பண்றீக. செத்தப்புறம் இதக் கேக்க முடியுமா? உசுரோட இருக்கையிலயே கேட்டுக்கிட வேண்டியதுதான்."

பயிற்சி முடிந்து, பூசையில் எல்லார் முன்னாலும் நமக்குப் பணிப்பொறுப்புக் கொடுத்த அன்று என் காதில் சொன்னீர்கள்: "அம்புட்டு ஒத்திகை பாத்தாச்சு. நெசத்துக்கும் நீங்கதான் நடத்தணும், ஆமா." சரி என்று சொல்லிவிட்டேன். அது எங்கே நடக்கப்போகிறது என்ற தைரியம்தான். நீங்கள் என்னைவிட நாலு வயதுதான் பெரியவர்கள்.

நீங்கள் போனபோது கேள்விப்பட்ட எல்லாரும் முதலில் கேட்டது, எந்தப் பட்டாசு ஆலையில் என்றுதான். ஆலையில் இல்லை. விடிந்து அடுப்பைப் பற்ற வைத்துவிட்டு, நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தவர்கள் எழவில்லை.

சாமியார்கள் எல்லாரும் ஆண்டுத் தியானத்துக்கு மலைக்குப் போயிருந்த வாரம் அது. நம் சாமியாருக்குப் போன் போட்டேன். கிளம்பினாலும் மறுநாள் சாயங்காலம்தான் வந்து சேர முடியும் என்றார். பிறகு, "நீங்க இருக்கீங்கள்ல டீச்சர். வீட்டாளுக சம்மதிச்சா நீங்களே நடத்துங்க" என்றார். உங்கள் வீட்டுக்காரரின் அண்ணன் சம்மதிக்கவில்லை. "சாமியார் இல்லாம அடக்கமா? அதுவும் ஒரு பொம்பள வந்து கல்லறை மந்திரிக்கவா? நாலு சனம் என்ன பேசும்? ஐஸ் பெட்டியில வச்சு நாளைக்கு எடுப்போம்" என்று முற்றத்தில் நின்று சத்தம் போட்டார். உண்மையைச் சொல்கிறேன் அக்கா, அவரே ஜெயிக்கட்டும் என்றுதான் மனசுக்குள் வேண்டிக்கொண்டேன். உங்களுக்குக் கொடுத்த வாக்கு ஒரு பக்கம் கிடக்கட்டும் என்றிருந்தது.

உங்கள் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த உங்கள் வீட்டுக்காரர் எழுந்து வந்தார்.

"அண்ணே, ஒரு வருசமா ஞாயித்துக்கெளம தவறாம இவ டீச்சர் கையாலதான் செத்துக்கிட்டு வந்தா. நான் சன்னலுக்கு வெளிய நின்னு பாத்தவன். இன்னைக்கு மட்டும் வேற ஆளு எதுக்கு?"

அண்ணன் துண்டை வாயில் வைத்துக்கொண்டு திரும்பி நின்றுவிட்டார்.

கல்லறைத் தோட்டத்தில் நல்ல வெயில். தீர்த்தம் தெளித்து, புத்தகத்தை விரித்தேன். முதல் பக்கம் ஒழுங்காகப் போனது. பெயர் சொல்ல வேண்டிய இடம் வந்ததும் நின்றுவிட்டேன். அத்தனை ஞாயிறும் சிரித்துக்கொண்டே சொன்ன பெயர், வாய்க்குள்ளேயே இருந்தது. பழக்கதோஷத்தில் குனிந்து உங்கள் முகத்தைப் பார்த்தேன், இருமுவீர்கள் என்று. நீங்கள் இருமவில்லை. நீங்கள் செத்துப்போனீர்கள் என்பது எனக்கு உறைத்தது அந்த நொடியில்தான். காலையிலிருந்து கூடவே இருந்தும் அதுவரைக்கும் உறைக்கவில்லை.

எதிரே உங்கள் வீட்டுக்காரர் நின்றுகொண்டிருந்தார். காது அடைத்தவர் எப்படி நிற்பார் என்று எனக்குத் தெரியும். நானும் அப்படி நின்றவள்தானே. அவரைப் பார்த்துக்கொண்டே, வகுப்பில் கத்துகிற குரலில், "எங்கள் அன்புச் சகோதரி" என்று போட்டு, உங்கள் பெயரைச் சொன்னேன். தோட்டத்துக்கு வெளியே ரோட்டில் போனவர்கள்கூட சைக்கிளை நிறுத்திப் பார்த்தார்களாம். கடைசி வரி வரைக்கும் குரலை இறக்கவில்லை. அழுகை வந்தபோதும் கத்தியே வாசித்தேன்.

எல்லாரும் ஒரு கைப்பிடி மண் போட்டு முடித்த பிறகு அவர் என்னிடம் வந்தார். கும்பிடப் போகிறார் என்று நினைத்துக் கையைத் தடுக்கப் போனேன்.

"கேட்டுச்சு டீச்சர்" என்றார். "அம்புட்டும் கேட்டுச்சு."

அதற்குப் பிறகு எத்தனையோ வீட்டு அடக்கத்தில் நின்றுவிட்டேன். உங்கள் வீட்டுக்காரரின் அண்ணன் வீட்டிலேயே அவருடைய மாமியாருக்கு என்னைத்தான் கூப்பிட்டார்கள். அந்தக் கதை கேட்டால் பெஞ்சை விட்டு விழுந்து சிரித்திருப்பீர்கள்.

சரி, போன ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். சுவரைப் பார்த்த எட்டுப் பேரையும் பார்த்தேன். பிறகு நானே போய்ப் படுத்தேன், அக்கா. முட்டி வலியோடு அந்தப் பெஞ்சில் ஏறியது ஒரு பெரிய கூத்து. தாயில்பட்டிப் பக்கமிருந்து வருகிற ஒரு பிள்ளை, பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் ஒட்டுகிற வேலை செய்கிறவள், புத்தகத்தை வாங்கினாள். "டீச்சர், பேரு என்ன போடட்டும்?"

"எம் பேரையே போடு தாயி."

சொல்லிவிட்டேனே தவிர, பயத்தில் எழுந்து ஓடிவிடலாமா என்றுதான் இருந்தது. நீங்கள் எப்படித்தான் சிரித்துக்கொண்டு படுத்தீர்களோ! ஆனால் அவள் அன்புச் சகோதரி என்று போட்டு என் பெயரைச் சொன்னதும் அந்தப் பயம் போய்விட்டது. நீங்கள் சொன்னது சரிதான். நமக்காக ஒருத்தி ஆண்டவரிடம் பேசுவதைப் படுத்துக்கொண்டு கேட்பது நன்றாகத்தான் இருக்கிறது. என்னால் உங்களுக்கு அத்தனை ஞாயிறும் இது கிடைத்தது என்று நினைக்கும்போது, நான் கொடுத்ததும் ஏதோ கொஞ்சம் இருக்கிறது என்று மனசு நிறைந்தது.

நாலாவது வரியில் அவள் குரல் இறங்கிவிட்டது. முணுமுணுப்புதான் வந்தது. ஒரு கண்ணைத் திறந்தேன்.

"சத்தமா வாசி தாயி. செத்தவளுக்கே கேக்கல."

எட்டுப் பேரும் சிரித்தார்கள். பிணம் சிரிக்கக் கூடாதுதான், ஆனால் உங்களிடம் கற்றுக்கொண்ட பிணம் வேறு எப்படி இருக்கும்? சிரித்து முடித்து, நான் மறுபடி கண்ணை மூடிக்கொண்டதும், அந்தப் பிள்ளை தொண்டையைச் செருமிவிட்டு முதல் வரியிலிருந்து வாசித்தாள்.

இந்தத் தடவை எல்லாம் கேட்டது, அக்கா.