அத்தானின் பாட்டுப்பெட்டி

மார்ச் 4, செவ்வாய்

இது இப்படித்தான் ஆகும் என்று நான் அன்றைக்கே சொன்னேன். அத்தானின் பாட்டுப்பெட்டி இந்த மாதம் தாங்காது என்று. யாரிடம் சொன்னேன் என்பது ஞாபகமில்லை, சொன்னேன். இன்று காலை அது வாயை மூடிக்கொண்டது. உள்ளங்கை அளவு சாமான், ஐந்து பட்டன். பார்வை போனபிறகு அத்தான் யாரையும் கூப்பிடாமல் தானே செய்துகொள்வது அதில் பாட்டுக் கேட்பது ஒன்றைத்தான். மற்றதெல்லாம் அக்கா கை.

"புதுசு வாங்கிடலாம்ப்பா" என்றாள் அக்கா மகள்.

நான் விடுவேனா? எட்டாவதோடு நின்றாலும் எலக்ட்ரிக் வேலை எனக்கு ரத்தத்தில் இருக்கிறது. கத்தியால் நெம்பித் திறந்தேன்.

"நீ தொட்ட மிக்ஸி இன்னும் அலமாரி மேலதான்டா கெடக்கு" என்றாள் அக்கா. பொறாமை.

மார்ச் 5

திறந்தாயிற்று. மூடத்தான் வரவில்லை.

மார்ச் 7, வெள்ளி

ரிப்பேர் கடைக்குப் போனேன். என்னைக் கண்டதும் கடைக்காரர் எழுந்தே நின்றுவிட்டார். கோளாறு எங்கே என்று நான் சொல்லச் சொல்ல அசந்துபோனார். "பாதி வேலைய நீங்களே முடிச்சிட்டீங்க சார். ஒரு வாரம் குடுங்க, பாட வெச்சிடறேன்."

வீட்டில் சொன்னதும் அத்தான் முகத்தைப் பார்க்க வேண்டுமே! "மாப்ளன்னா மாப்ளதான்" என்றார்.

மார்ச் 11

அக்கா மகள் கடைகடையாக ஏறி இறங்கி, அதே மாதிரி பட்டன் வைத்த ஒன்றைக் கண்டுபிடித்திருக்கிறாள். இப்போது வருவதெல்லாம் வழவழவென்று கண்ணாடி. விரலுக்கு ஒன்றும் தட்டுப்படாது. இதுதான் கடைசியாம். "நாளைக்குள்ள சொல்லணும்ப்பா. இன்னொருத்தரும் கேக்கறாங்க."

"என்னோடதே வருதும்மா. இன்னொண்ணு எதுக்கு?" என்றார் அத்தான்.

அவள் என் பக்கம் திரும்பினாள். "மாமா, நெஜமா வருமா?"

வரும் என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன் — வேறென்ன சொல்வது?

மார்ச் 12

அது போய்விட்டதாம். யாரோ வாங்கிக்கொண்டார்கள்.

மார்ச் 15, சனி

கடைக்காரருக்குக் காய்ச்சல் என்று சொல்லிவைத்தேன். "பாவம், ஒடம்பு தேறட்டும். அவசரப்படுத்தாத மாப்ள."

அக்கா ரேடியோவைப் போட்டுவிட்டு மாடிக்குப் போனாள். என்னமோ உர மூட்டை விளம்பரம். நிறுத்தச் சொல்லி அத்தான் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். அவளுக்குக் கேட்கவில்லை. நான் அடுத்த அறையில்தான் இருந்தேன். எழுந்து போகவில்லை. ஏன்டா போகல? காலுக்கு என்ன வந்துச்சு?

மார்ச் 20, வியாழன்

பக்கத்து வீட்டுக்காரர் வந்திருந்தார். அத்தான் அவரிடம் பெருமையடிக்கிறார்: "மாப்ள பெரிய ஆள்கிட்ட குடுத்திருக்கான். இவன் முகத்துக்காகத்தான் அவர் செஞ்சே தர்றார். வந்ததும் உங்களுக்கும் போட்டுக் காட்டறேன்." பேசும்போது கட்டைவிரல் கட்டில் விளிம்பை அமுக்கிக்கொண்டே இருக்கிறது.

கடைக்காரர் என்னைக் கண்டு எழுந்து நின்றாரா, நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்தினாரா என்பதெல்லாம் இப்போது பேச்சில்லை. அன்றைக்கு அவர் உள்ளே பார்த்தார், மூடிக் கையில் கொடுத்தார். "இதுல இனிமே ஒண்ணும் இல்ல சார். வேற வாங்கிக்குங்க." அவ்வளவுதான் சொன்னார்.

ஒரு வாரம் என்பது என் கைச்சரக்கு.