கவுளிக்காக மெர்சி மறுத்த கையெழுத்து

செவ்வாய்க்கிழமை.

இப்படித்தான் நடக்கும் என்று நான் அப்போதே சொன்னேன். அக்கா மகள் மெர்சிக்கு மென்பொருள் கம்பெனியில் வேலை. முதலில் எழுதிக்கொடுத்த திட்டப்படிதான் மென்பொருளைச் செய்திருக்கிறார்களா என்று பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். இன்று வந்தது வத்தலக்குண்டு வெற்றிலைக் கடைக்குப் பில் போடும் மென்பொருள். வெற்றிலையைக் கட்டுக் கட்டாக, அதாவது கவுளி கவுளியாக எண்ணித்தானே விற்பார்கள்? அதைச் செய்த கம்பெனிப் பயல்கள் கவுளி என்றால் பல்லி என்று நினைத்து, திரையில் பல்லிப் படத்தையே போட்டுவிட்டார்கள்!

நான் அவள் வீட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே மேனேஜர் போனில் கத்தினார். "இன்னைக்கே முடிக்கணும்மா. கையெழுத்தப் போடு, அப்புறம் பாத்துக்கலாம்."

"பிளான்ல கவுளி இருக்கு, இதுல இல்ல. நாளைக்கு கடைக்காரர் எப்படி சார் பில்லு போடுவாரு?"

"ஒன் வேலை இன்னும் நிரந்தரமாகல, தெரியும்ல?"

"தெரியும் சார். போட மாட்டேன்."

எனக்கே வியர்த்துவிட்டது. கடைசியில் மேனேஜரே, "சரி, திருத்தச் சொல்றேன்" என்றார். அவள் திரும்பி, "மாமா, டீ ஆறுது, குடிங்க" என்கிறாள்! என்ன நெஞ்சழுத்தம்!

பல்லிப் படம் மட்டும் நான் சேர்த்தது. கவுளி இருக்க வேண்டிய இடத்தில் கிலோ என்று இருந்தது, அவ்வளவுதான். ஆனால் நாளைக்கு டீக்கடையில் இந்தக் கதையைச் சொல்லும்போது வெறும் கிலோ என்று சொன்னால் எவன் காது கொடுப்பான்?