கன்னடத்தில் நான் கேட்டது

12.7.04 திங்கள். தூறல்.

என்ன நோட்டு, சௌக்கியமா? பெண்டாட்டி முனியம்மாவுக்கு மார்பில் கட்டி எடுத்ததிலிருந்து உன்னைத் தொடவில்லை.

இன்று அவளோடு பெங்களூர் ஆஸ்பத்திரி. இடுப்பெலும்பில் ஊசி இறக்கி மஜ்ஜை உறிஞ்சினார்கள். சத்தமே போடவில்லை அவள். டாக்டரம்மாவுக்குக் கன்னடம்தான். எனக்குக் கம்பெனியில் பொறுக்கிய கன்னடம். முனியம்மா தமிழ்நாட்டு மத்தூர்க்காரி, தமிழ் மட்டும்தான். ஆகவே நடுவில் நான்.

டாக்டரம்மா சொன்னது: மார்பிலிருந்து தப்பிய புற்று அணு ஒன்றிரண்டு மஜ்ஜையில் ஒளிந்திருக்கலாம். எடுத்த மஜ்ஜையில், அதை மட்டும் போய்ப் பிடிக்கும் திரவத்தை விட்டு, சாயம் ஏற்றினால், லட்சம் அணுவுக்கு நடுவிலும் சிவப்பாகத் தெரியும். இரண்டு வாரம் ஆகும்.

எங்கள் வார்ப்புக் கம்பெனியிலும் இதே கதை. சிவப்புச் சாயம் தடவி, துடைத்து, வெள்ளைப் பொடி அடித்தால் உருப்படியில் உள்ள விரிசல் சிவப்பாகக் கசியும். என் நாக்கு சும்மா இருந்ததா? கன்னடத்தில் கேட்டேன்: "எங்ககிட்ட சிவப்பு வந்தா ஸ்கிராப், மேடம். இங்க?"

அவர் சிரிக்கவில்லை. "மருந்து இருக்கு" என்றார்.

"என்னவாம்?" என்றாள் முனியம்மா.

"ரத்தம் கம்மியான்னு பாக்கறாங்களாம்."

தலையாட்டினாள்.

13 செவ்வாய். காற்று. ராகிக் களி, அவரைக் குழம்பு. உப்பு தூக்கல், சொல்லவில்லை.

"ஏன்யா, சிவப்பு வந்தா என்னையும் ஸ்கிராப்புல போட்டுருவியா?"

களியை விட்டு நிமிர்ந்தேன்.

"உனக்குக் கன்னடம்..."

"பாகலூர் ரோசாத் தோட்டத்துல ஆறு வருசமா பூ அறுக்கறேன். கூட இருக்கற கன்னடப் பொம்பளைங்ககிட்ட சைகையிலயா பேசறேன்?"

ஆறு வருடம். ஒரு நாள் கேட்டதில்லை, அங்கே என்ன பேசுவீர்கள் என்று.

17 சனி. பகல் ஷிப்ட். மூன்று உருப்படி சிவப்பு. ஸ்கிராப் தொட்டியில் போடக் கை வரவில்லை.

"என்னண்ணா, பொண்ணு பாக்கறியா? தூக்கிப் போடு" என்றான் சூப்பர்வைசர். எல்லாரும் சிரித்தார்கள். நானும்.

வீட்டில் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். மழையைப் பற்றிப் பேசிவிட்டுப் படுத்தேன்.

26 திங்கள். வெயில். ரிசல்ட்.

உள்ளே போகக் காலெடுத்தேன். "நீ வெளிய குந்து" என்றாள். கதவு சாத்துமுன் காதில் விழுந்தது, என்னுடையதைவிட நல்ல கன்னடம்: "நனகே ஹேளி, மேடம்." என்னிடமே சொல்லுங்கள் என்று.

அரை மணி பெஞ்சில். இதை எழுதுகிறேன். நர்சம்மா இரண்டு தரம் பார்த்துவிட்டுப் போனார். இன்று மன்னிப்பைக் கேட்டுவிட வேண்டும்.

கதவு திறந்தது. அவள்தான்.

"ரெண்டு இருக்குதாம், சிவப்பா. மருந்து ஏத்திக்கறேன்னு சொல்லிட்டேன். எழுதனது போதும், வாய்யா, தேதி குறிக்கணும்."

போகிறேன். போனதும் முதலில் சொல்ல வேண்டியது: முனியம்மா, அன்றைக்கு நான் உன்னை...